நுருங்ஜிக்கு இரவல் மூக்கு

அது நுருங்ஜியின் மூக்கு அல்ல.

ஒக்ஜு கைப்பேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், பிறகு தள்ளிப் பிடித்தாள், குளியல் கூடத்து ஆவி படிந்த அதன் திரையைத் துண்டால் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள். "வாழ்த்துகள்! உங்கள் செல்லத்தின் காப்பீடு இன்று தொடங்குகிறது" என்று மேலே பூப்போட்ட எழுத்து. செல்லத்தின் பெயர், நுருங்ஜி. அதற்குக் கீழே ஒரு மூக்கின் படம். கருகருவென்று, எண்ணெய் தடவிய மாதிரி மினுக்கும் சின்ன மூக்கு.

அவள் வீட்டில் இருக்கிற நாயின் மூக்கு செங்கல் நிறம். ஓரத்தில் கம்பி கிழித்த தழும்பு. குருடன் தொட்டுப் பார்த்தால்கூட இது வேறு அது வேறு என்று சொல்லிவிடுவான்.

மனிதனுக்குக் கைரேகை மாதிரி நாய்க்கு மூக்கு ரேகையாம். அதைப் படமெடுத்து அனுப்பினால்தான், நாளைக்கு வைத்தியச் செலவு கேட்டு வருகிற நாய் இன்றைக்குச் சேர்ந்த நாய்தான் என்று கம்பெனி ஒத்துக்கொள்ளும். அப்படியிருக்க, இந்தக் கறுப்பு மூக்கு யாருடையது என்று ஒக்ஜு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் மிரானின் மடியை விட்டு இறங்காத பஞ்சு உருண்டை ஒன்று உண்டு, லூனா என்று பெயர். அதன் மூக்கு.

"என்னடி, கையில சோப்போட சிலையா நின்னுட்ட? எனக்கு முதுகு காயுது" என்றாள் மேசையில் குப்புறப் படுத்திருந்த மால்சுன். மீன் சந்தையில் கணவாய் விற்கிறவள். ஒக்ஜுவைவிட மூத்தவள். இந்தப் பொதுக் குளியல் கூடத்துக்கு வருகிறவர்களுக்கு அழுக்குத் தேய்த்துவிடுவது ஒக்ஜுவின் வேலை; மால்சுன் வாரம் தவறாமல் வந்து உடம்பைக் கொடுத்துத் தேய்த்துக்கொண்டு போகிறவள்.

"அக்கா, இத பாருங்க. இது என் நாயா?"

மால்சுன் தலையைத் தூக்கிக் கண்ணைச் சுருக்கினாள். "மூக்கு மட்டும்தானே தெரியுது. மீனா இருந்தா செவுளப் பாத்துச் சொல்லிருவேன்."

"அவ நாயோட மூக்க என் நாய்க்கு ஒட்டி இன்சூரன்ஸ் போட்டிருக்கா."

"எவ?"

"வேற எவ? மிரான்தான்."

மால்சுன் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

நுருங்ஜி ஒக்ஜுவிடம் வந்து சேர்ந்தது போன மாதம்தான். பூசானில் மலைச்சரிவில் இருக்கிற அந்தக் குளியல் கூடத்தில் நைந்துபோகிற துண்டுகளை மூட்டை கட்டி, ஊருக்கு வெளியே இருக்கும் தெருநாய்க் காப்பகத்துக்குக் கொடுப்பது வழக்கம். கூண்டுக்குள் விரிக்க ஆகும். அன்றைக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவள் ஒக்ஜு. போனவள் கடைசிக் கூண்டின் முன்னால் நின்றுவிட்டாள். சட்டியடியில் காந்திப்போன சோறு இருக்கிறதே, அந்தப் பழுப்பில் ஒரு நாய். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. மிளகாய்த் தோட்டத்துக் கொட்டகைக்குப் பின்னால் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்காரன் வேறு ஊர் போய்விட்டானாம். கம்பி காலை இறுக்கக் கிடந்ததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். அறிவிப்பு ஒட்டிய கெடு முடிந்துவிட்டது, கேட்டு யாரும் வரவில்லை, நாளைக்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள் என்றான் காப்பகத்துப் பையன், துண்டுகளை வாங்கிக்கொண்டே.

அப்படியானால் நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்ல அவளுக்கு ஒரு மூச்சு ஆகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. சாப்பாட்டுப் பொருளின் பெயர் வைத்தால் நாய் நெடுநாள் வாழும் என்பார்கள். காந்தல் சோற்றின் பெயரை வைத்தாள், நுருங்ஜி.

அந்த நாய்க்குக் கையைப் பார்த்தால் பயம். கிண்ணத்தை வைத்துவிட்டு அவள் நகர்ந்தால்தான் சாப்பிடும். இடது பின்னங்காலைச் சில நேரம் தூக்கிக்கொண்டு மூன்று காலில் நடக்கும். காப்பகத்து வைத்தியர் அந்த முட்டியைத் தொட்டுப் பார்த்து, "இது ஒருநாள் வேலை வைக்கும்" என்றார். நாய் வைத்தியம் என்றால் இந்த ஊரில் கிட்னி விற்கிற கதை என்று எல்லோரும் சொன்னார்கள். ஒக்ஜுவிடம் இருப்பது இரண்டு கை. அவையும் பச்சைத் தேய்ப்புறைக்குள் ஊறி ஊறி, மழை வந்தால் மடங்காது. ஆகவே இன்சூரன்ஸ் போட்டுவிட வேண்டும் என்று அவளாகவே தீர்மானித்தாள். எது நல்லது என்று நாலு இடம் விசாரிக்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தாள்.

அதற்குள் மிரான் வந்துவிட்டாள், கையில் பேரிக்காய்ப் பெட்டியோடு.

மிரான் இன்சூரன்ஸ் ஏஜெண்டு. இது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த நோய். அவள் பேரிக்காயோடு வந்தால் யாரோ கையெழுத்துப் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒக்ஜு இதுவரை புற்றுநோய்க்குப் போட்டிருக்கிறாள், பல்லுக்குப் போட்டிருக்கிறாள், நெருப்புக்குப் போட்டிருக்கிறாள், பிறக்கவே பிறக்காத குழந்தையின் படிப்புக்குக்கூட ஒரு காலத்தில் போட்டிருக்கிறாள். எதுவும் தேவைப்பட்டுப் போட்டதில்லை. எல்லாம் சொந்தத்துக்காகப் போட்டது.

"அண்ணி, புள்ளைக்குப் பதிலா நாய் வளக்கறீங்களாமே? ஊரே சொல்லுது" என்று சிரித்துக்கொண்டே காலணியைக் கழற்றினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? வீட்டுலயே ஆள் இருக்கும்போது வெளிய கேப்பீங்களா? கை எப்பவும் உள்பக்கம்தானே மடங்கும்."

"விசாரிச்சுட்டுச் சொல்றேன் மிரான்."

"என்ன விசாரணை? நான் என்ன வெளியாளா? இப்ப ஒரு பாலிசி வந்திருக்கு, மூக்கப் படம் எடுத்தா போதும், மத்ததெல்லாம் நானே பாத்துக்கறேன். மாசக் கடைசி அண்ணி. இன்னும் ஒன்னே ஒன்னு விழுந்தா என் கணக்கு முடிஞ்சுரும்."

கைப்பேசியை நீட்டிக்கொண்டு நாயின் முகத்துக்கு நேராக மிரான் குனிந்தாள். நுருங்ஜி மூலைக்கு ஓடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மிரான் விடாமல் அதன் வாயைக் கையால் பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். நாய் குரைக்கவில்லை, கடிக்கவில்லை. நின்ற இடத்தில் சிறுநீர் விட்டது.

"சீ!" என்று மிரான் காலுறையை உதறினாள்.

"விடு. பழகட்டும். நான் பத்துப் பதினஞ்சு நாள்ல எடுத்துத் தரேன்" என்றாள் ஒக்ஜு. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தாள். நாயைப் பார்த்து, "உன் மேல தப்பில்ல" என்றாள்.

மறுநாள் ஒக்ஜுவின் மேசையில் ஆள் படுத்திருந்தபோது போன் அடித்தது. குளியல் கூடத்துக் கல்லாக்காரி போனை எடுத்து அவள் காதில் வைத்தாள், அவள் கை இரண்டிலும் நுரை. "அண்ணி, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், அத மட்டும் படிச்சுச் சொல்லுங்க, சீக்கிரம். சும்மா பேர் பதியறதுக்குத்தான்" என்றாள் மிரான். கல்லாக்காரி எண்ணைப் படித்தாள். ஒக்ஜு மேசையில் படுத்திருந்தவளின் விலாவைத் தேய்த்துக்கொண்டே அதை ஒப்பித்தாள்.

அந்த எண்தான் கையெழுத்து என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விஷயம் வெப்ப அறைக்குள் போனதும் பெண்கள் எல்லோரும் ஆளுக்கொரு நியாயம் பேசத் தொடங்கினார்கள். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, அவித்த முட்டையை உரித்துக்கொண்டு, வேர்வை வழிய வழியப் பேசுகிற பேச்சு அது. அங்கே யாருக்கும் உடம்பில் துணி கிடையாது. ஒளிவும் கிடையாது.

"உனக்கு என்ன நஷ்டம்? போட்டது போட்டபடி இருக்கட்டும். எந்த நாயா இருந்தா என்ன?" என்றாள் ஒருத்தி.

"மக்கு மாதிரிப் பேசாத" என்றாள் மால்சுன். "நாளைக்கு இவ நாய்க்குக் கால் போனா, மூக்கக் காட்டுனு கேப்பான். இவ செங்கல் மூக்கக் காட்டுவா. கட்டின காசெல்லாம் கடல்ல கரைச்ச உப்பு. அந்த மிரான் நாய்க்குக் கால் உடைஞ்சா மட்டும் இவ காசுல கட்டுப் போட்டுக்கலாம்."

"அட, அதுக்காகத்தான் செஞ்சிருப்பாளோ?"

"அவ்வளவு மூளை அவளுக்கு இருந்தா ஏன் வீடு வீடாப் பேரிக்கா தூக்கறா? மாசக் கடைசிக்கு ஒரு மூக்கு குறைஞ்சுது. மடியில ஒன்னு இருந்துச்சு. அமுக்கிட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். ஒக்ஜு சிரிக்கவில்லை. தன் நாய் வாங்கிய அடிக்கு, தூங்கிய பனிக்கு, கம்பி அறுத்த காலுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று அவள் கேட்டாள். அந்த இடத்தில் வெல்வெட் மெத்தையில் தூங்குகிற ஒரு நாயின் மூக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. இதற்குச் சிரிக்க வேண்டுமா?

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து, அவளே கம்பெனிகளுக்குப் போன் போட்டாள். பக்கத்தில் இதற்கென்றே வந்திருந்த மால்சுன், கையில் ஐஸ் போட்ட காப்பிச் செம்பு. பேச்சைச் சத்தமாக வைக்கச் சொல்லியிருந்தாள்.

முதல் கம்பெனியில் எடுத்தவள் தேன் குரலில், "என்ன இனம் மேடம்?" என்றாள்.

"கலப்பு."

"எந்த இனமும் எந்த இனமும் கலந்தது மேடம்?"

"எனக்கு எப்படிம்மா தெரியும்? அந்தக் கல்யாணத்துக்கு என்ன யாரும் கூப்பிடல."

மால்சுன் காப்பியைத் துப்பிவிட்டாள். அந்தப் பக்கம் சிரிப்பு வரவில்லை. பிறந்த தேதி தெரியாத நாய்களை எடுப்பதில்லை என்றது தேன் குரல். அதைக் கட்டிப்போட்டவன் கேக் வெட்டிப் பிறந்தநாள் கொண்டாடியிருந்தால் தேதி கேட்டுச் சொல்லியிருப்பேன் என்றாள் ஒக்ஜு. மன்னிக்கணும் மேடம், நல்ல நாளாக அமையட்டும் மேடம் என்று வைத்துவிட்டாள்.

இரண்டாவது கம்பெனிக்காரன் எல்லாம் சரி என்றான், கடைசியில், வெளியில் கட்டி வளர்த்த நாயா என்று கேட்டான். ஆமாம் என்றதும் அவன் குரலில் குளிர் ஏறியது. "பொய் சொல்லிருக்கலாம்ல?" என்றாள் மால்சுன், போனை வைத்ததும்.

"பொய் சொல்றதா இருந்தா மிரான் போட்டதே போதுமே அக்கா."

மூன்றாவது கம்பெனியில் பேசியவள் கொஞ்சம் வயசானவள் போல. அவளும் ஏதோ ஒன்றைத் தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிறாளாம். ஒக்ஜு எதையும் மறைக்கவில்லை. வயசு வைத்தியர் பல்லைப் பார்த்துச் சொன்னது, கால் நொண்டுகிறது, ஒரு பல் உடைந்திருக்கிறது, கையைக் கண்டால் நடுங்குகிறது. எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டு, யாரிடமோ கேட்டு வந்து, எடுத்துக்கொள்கிறோம் என்றாள். ஆனால் இடது பின்னங்காலும் பற்களும் சேராது.

"ஏம்மா சேராது?"

"அது ஏற்கெனவே இருக்கற குறை மேடம்."

ஒக்ஜு போனை வாய்க்குப் பக்கத்தில் இழுத்தாள். "கூடவே பொறந்த குறையா அது? மனுஷன் கம்பி கட்டிக் கெடுத்தது. கல்லால அடிச்சு ஒடைச்சது. அதுவா கெட்டுப்போனா காசு குடுப்பீங்க, நாம கெடுத்தா குடுக்க மாட்டீங்க. இது என்னம்மா நியாயம்? கெடுத்தவன் எங்கயோ நல்லா இருக்கான். நொண்டறது இது. அந்த நொண்டலுக்குத் தண்டமும் இதுக்கேவா?"

தேன் தடவாத சாதாரணக் குரலில் அந்தப் பெண் சொன்னாள், "நியாயம் இல்லதான் அக்கா. என் பூனைக்கும் இதையேதான் சொன்னாங்க. மத்த மூனு கால், வயிறு, காது, தோல், எல்லாம் வரும். அதுக்கு நான் பொறுப்பு."

எழுதிக்கொள் என்றாள் ஒக்ஜு. மூக்குப் படம் வேண்டும், அவசரமில்லை, பயப்படுத்தாமல் எடுத்து அனுப்புங்கள் என்றாள் அவள். பயப்படுத்தாமல் என்ற அந்தச் சொல்லுக்காகவே ஒக்ஜுவுக்கு அந்தக் கம்பெனி பிடித்துப்போயிற்று.

"நொண்டிக் கால விட்டுட்டு மிச்ச நாய்க்கு இன்சூரன்ஸ்" என்றாள் மால்சுன். "கணவாய்ல கால வெட்டிட்டு விக்கற மாதிரி. ஆனா ஒன்னுடி, இது உன் நாய்."

மிரானை அவள் கூப்பிடவில்லை. மிரானே சனிக்கிழமை குளியலுக்கு வந்தாள். நாத்தனார் என்ற உரிமையில் அவள் எப்போதும் வரிசையில் நிற்பதில்லை, கல்லாவிலும் நிற்பதில்லை. நேராக வெந்நீர்த் தொட்டியில் ஊறிவிட்டு வந்து மேசையில் ஏறிப் படுத்தாள்.

"அண்ணி, மெசேஜ் வந்துச்சா? பூவெல்லாம் போட்டு அனுப்பச் சொன்னேன்."

"வந்துச்சு." ஒக்ஜு ஒரு வாளி வெந்நீரை அவள் மேல் ஊற்றிவிட்டுத் தேய்ப்புறையைக் கையில் மாட்டினாள். கழுத்திலிருந்து தொடங்கினாள். அழுக்கு பென்சில் ரப்பர்த் துகள் மாதிரி உருண்டு உருண்டு வந்தது.

"பாத்தீங்களா? உங்களுக்கு ஒரு வேலையும் வைக்கல நான்."

"மூக்கு யாருது?"

மிரான் கண்ணைத் திறக்காமல் சிரித்தாள். "அட, அதக் கவனிச்சீங்களா? சும்மா ஒரு படம் வைக்கணும்னு வச்சேன். அப்புறம் மாத்திக்கலாம். உங்க நாய்தான் மூஞ்சிய காட்ட மாட்டேங்குதே."

"நொண்டல எழுதினியா?"

"அத எழுதினா எடுக்க மாட்டாங்க அண்ணி. உங்க நல்லதுக்குத்தான் விட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. இந்தத் தொழில்ல முழுசா உண்மை எழுதினா ஒரு பாலிசியும் விழாது."

ஒக்ஜு அவள் இடுப்பில் இரண்டு தட்டுத் தட்டினாள். அந்தக் கூடத்தில் இரண்டு தட்டு என்றால் திரும்பிப் படு என்று அர்த்தம். மிரான் பக்கவாட்டில் திரும்பினாள். ஒக்ஜு கையைத் தூக்கச் சொல்லி அக்குளைத் தேய்த்தாள். அவள் குரல் உயரவில்லை.

"உங்க அண்ணனுக்கும் அப்படித்தான் எழுதின."

மேசை அசைந்தது. மிரான் கண்ணைத் திறந்துவிட்டாள்.

ஹாக்சு, ஒக்ஜுவின் கணவன், தொழிற்சாலைக் கூரைகளில் தகடு போடுகிறவன். உயரத்தில் வேலை செய்கிறவனுக்குத் தவணை கூடும், சில நேரம் எடுக்கவே மாட்டார்கள். மிரான் அவனைக் கிடங்குக் குமாஸ்தா என்று எழுதிச் சேர்த்திருந்தாள். மழை நின்ற ஒரு காலையில் ஈரத் தகட்டில் வழுக்கி அவன் விழுந்தான். குமாஸ்தாவுக்குக் கூரை மேல் என்ன வேலை என்று கேட்டது கம்பெனி. கேட்டுவிட்டுக் கையை விரித்தது. மிரான் சாவு வீட்டில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள், சட்டமே அப்படித்தான் அண்ணி என்று சொன்னாள். எழுதினது யார் கை என்று ஒக்ஜுவுக்குத் தெரிந்தபோது மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மிரானுக்கு ரெண்டு புள்ளை இருக்கு, வெளிய சொல்லாத என்றாள். சொல்லவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஹாக்சுவின் நினைவு நாளுக்கு ஒக்ஜு விடிய விடியப் பலகாரம் சுட்டாள். மிரான் வந்து கும்பிட்டுவிட்டு, மீனில் உப்புக் குறைவு என்று சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மாமியார் போன குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள்.

"அண்ணி, இதென்ன, இங்க போய், இத்தனை பேருக்கு நடுவுல..."

"சத்தம் போடறது நீதான். நான் மெதுவாத்தான் பேசறேன்."

தொட்டியில் இருந்தவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். தண்ணீர்க் குழாயைக்கூட யாரோ மூடிவிட்டார்கள்.

"நான் அழல? அண்ணன் போனப்ப நான் அழல?" மிரான் எழுந்து உட்கார்ந்து, மார்பைக் கையால் மறைத்துக்கொண்டாள். அந்தக் கூடத்தில் யாரும் எதையும் மறைப்பதில்லை. "எனக்கு மட்டும் கஷ்டம் இல்லையா? ஒரு நாய்க்காக, ஒரு நொண்டி நாய்க்காக, சொந்த நாத்தனார அம்மணமா நிக்க வச்சுக் கேள்வி கேக்கறீங்க. அம்மா சாகறப்ப என்ன சொன்னாங்க? மிரான விட்டுறாதேனு சொன்னாங்கல்ல?"

"சொன்னாங்க. நான் விடல. நீ அழுத, நான் சமைச்சேன். நீ எழுதின, நான் கட்டினேன். கை உள்பக்கம்தான் மடங்கும்னு சொன்னியே, உன் கை எப்பவும் என் பைக்குள்ளதானடி மடங்கியிருக்கு!" இப்போதுதான் ஒக்ஜுவின் குரல் உயர்ந்தது, ஓடு பதித்த சுவரில் மோதித் திரும்பியது. "உங்க அண்ணன் வாயில்லாதவரா இருந்தாரு. கேக்காம கையெழுத்துப் போட்டாரு. இதுக்கும் வாயில்ல. வாயில்லாததா பாத்துப் பாத்து நீ பொய் எழுதுவ. சாப்பிடற நாயத் தொடக் கூடாதுனு சின்னப் புள்ளைக்குக்கூட சொல்லிக் குடுக்கறோம். நீ அதோட மூக்கையே எடுத்துட்ட."

"ஆமா, அந்த மூக்கு ஆயிரம் பொன்னு பாரு" என்று முணுமுணுத்தாள் மிரான்.

"பொன்னு இல்ல. அதுக்கு இருக்கறது அது ஒன்னுதான்."

வெந்நீர்த் தொட்டியிலிருந்து மால்சுன் சொன்னாள், "ஒக்ஜு, அவளுக்கு ஒரு பக்கம் தேச்சுட்டல்ல? மறுபக்கம் இந்தப் பாலிசில வராதுனு சொல்லி அனுப்பு."

சிரிப்பு வெடித்தது. ஒக்ஜுவுக்கும் வாயோரம் துடித்தது. ஆனால் அடக்கிக்கொண்டாள். சிரித்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமும் அப்படித்தான் ஆறியது.

"நீயே கம்பெனிக்குப் போன் பண்ணு. இப்ப, இங்கேருந்து. தப்பான நாயச் சேத்துட்டேன்னு சொல்லு. நீ சொன்னா நான் வேற எதுவும் சொல்லல."

மிரான் மேசையிலிருந்து இறங்கினாள். ஒரு பக்கம் சிவந்து மினுத்தது, மறுபக்கம் வெளுத்துக் கிடந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு கதவு வரை போனவள் திரும்பி நின்றாள். "சொன்னா என் லைசென்ஸ் போயிரும் அண்ணி. பிச்சை எடுத்தாவது உங்களப் பாத்துக்கணும்னு நினைச்சேன் பாருங்க, நீங்க ஒரு நாய்க்காக..." என்று பாதியில் விட்டாள். அப்புறம் போய்விட்டாள். உடை மாற்றும் அறையில் அவள் கூந்தல் உலர்த்தும் சத்தம் கேட்டது. போன் பேசும் சத்தம் கேட்கவில்லை. சிறிது நேரத்தில் வாசல் மணி குலுங்கியது.

"போயிட்டா" என்றாள் கல்லாக்காரி, திரைக்கு மேலாக எட்டிப் பார்த்து.

அடுத்த ஆள் மேசையில் வந்து படுத்துவிட்டாள். ஒக்ஜு தேய்ப்புறையைக் கழற்றினாள். "கொஞ்சம் இருங்கம்மா, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று ஒரு துண்டை அவள் முதுகில் போர்த்திவிட்டு வெளியே வந்தாள். மிரான் உட்கார்ந்த முக்காலி இன்னும் ஈரமாக இருந்தது. நின்றுகொண்டே மிரானின் கம்பெனிக்குப் பேசினாள்.

சேர்ந்த புதிதில் விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லையாம். விலக்கிவிட்டோம் மேடம், வேறு ஏதாவது உதவி, என்றான் ஒரு இளைஞன்.

"புகார் குடுக்கணும்."

யார் மேல், என்ன என்று கேட்டான். சொன்னாள். மூக்கைச் சொன்னாள், எண்ணைச் சொன்னாள், எழுதாமல் விட்ட நொண்டலைச் சொன்னாள். அவன் தட்டச்சு அடிக்கிற சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஏஜெண்டு உங்களுக்கு உறவா மேடம்?"

"என் புருஷனோட தங்கச்சி."

தட்டச்சு நின்றது. "மேடம், பதிஞ்சா விசாரணை வரும். அவங்க தொழிலே போகலாம். வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கறவங்களும் உண்டு. பதியட்டுமா?"

சுவரில் இருந்த கண்ணாடியில் ஒக்ஜு தன்னையே பார்த்தாள். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் நனைந்த உள்ளாடை, ஊறிப்போன விரல்கள். மிரானின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். அவர்கள் பெரியவர்களாகி, வேலைக்குப் போய், காரும் வாங்கிவிட்டார்கள் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. மாமியார் சொன்ன அந்த ரெண்டு புள்ளை இன்னும் அவள் மனசில் அரைக்கால் சட்டையோடுதான் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்குள்ள பேசித்தான் தம்பி இத்தனை வருஷம் போச்சு. பதிஞ்சுக்கோ."

"சரி மேடம். வேற ஏதாவது?"

"ஆமா. இன்னொன்னும் எழுதிக்கோ. உங்ககிட்டதான் பழைய பாலிசி ஒன்னு இருந்துச்சு. ஹாக்சுனு பேரு. அதுல குமாஸ்தானு போட்டிருக்கும். அவர் குமாஸ்தா இல்ல. கூரைல தகடு போடறவர்."

சற்று நேரம் கழித்து அவன் தேடிப் பார்த்துவிட்டு வந்தான். "மேடம், இது எப்பவோ முடிச்ச கோப்பு. இதுக்கு இப்ப ஒன்னும் குடுக்க முடியாது."

"குடுனு கேக்கல. எழுதுனு சொல்றேன்."

"எழுதி என்ன மேடம்..."

"தம்பி, ஒரு மனுஷன் வாழ்க்கை முழுக்கக் கூரை மேல நின்னான். ஒரு நாள்கூட நாற்காலில உக்காந்து வேலை பாத்ததில்ல. உங்க பெட்டிக்குள்ள அவன் இன்னும் குமாஸ்தாவா உக்காந்திருக்கான். எந்திரிக்கச் சொல்லு. கூரை. தகடு. எழுது."

உள்ளே மேசையில் படுத்திருந்தவள், "அக்கா, குளிருது!" என்று கத்தினாள். ஒக்ஜு அசையவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் தொடங்குகிற வரைக்கும் நின்றாள்.